அணைத்த பின்னும் ஓடும் மின்னோட்டம்



ஹாம் வானொலிக்காரர்களான நாம் ரிக்கின், அதாவது ஒலிபரப்பவும் கேட்கவும் உதவும் நம் கருவியின், பொத்தானை அழுத்துகிறோம். திரை இருள்கிறது, விசிறி நிற்கிறது, ஒலிபெருக்கி ஓய்கிறது. அணைந்துவிட்டது என்று எழுந்து போகிறோம். சில வாரம் கழித்து வந்து அழுத்தினால் ரிக் அசையவே மறுக்கிறது. பேட்டரியை அளந்தால் 9 வோல்ட். உடனே பேட்டரி விற்ற கடைக்காரர் மேல் கோபம் வருகிறது. புதிது வாங்கி வைக்கிறோம். அதுவும் அதே போலப் படுத்துவிடுகிறது. அப்போது கோபம் ரிக் மேல் திரும்புகிறது, ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துவிடுகிறோம்.

அந்த ஸ்குரூடிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். எதிர்பாராமல் ஓடும் மின்னோட்டத்தை வெளியிலிருந்தே பகுத்துப் பகுத்துக் கண்டுபிடிக்கலாம். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ரிக்கின் மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

வால்வு காலத்துப் பெட்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது. மின்வழியின் நடுவே ஒரு கனமான சுவிட்ச் இருக்கும். தட்டினால் கம்பி அறுந்த மாதிரிதான், அதற்கப்புறம் ஓட எதுவும் இல்லை. இன்றைய 100 வாட் ரிக் ஒலிபரப்பும்போது 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அத்தனையையும் தாங்கும் சுவிட்சை முகப்பில் வைத்தால் செலவும் கூடும், சுவிட்சிலேயே மின்னழுத்தமும் விழும். அதனால் முகப்பில் ஒரு சிறு பொத்தானை வைத்து, உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார்கள். நாம் பொத்தானை அழுத்தினால் அது ஒரு ரிலேயையோ மாஸ்ஃபெட்டையோ இயக்கிப் பெரும்பகுதிச் சுற்றுகளைத் துண்டிக்கும். ஆனால் அடுத்த அழுத்தலுக்குக் காத்திருக்க அது விழித்திருந்தாக வேண்டும். எல்லோரும் போன பிறகும் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்குச் சம்பளம் உண்டுதானே. அதற்குச் சில மில்லி ஆம்பியர் போகும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பல எச்எஃப் ரிக்குகளில் கடைசிக்கட்ட ஆற்றல் டிரான்சிஸ்டர்களுக்குப் போகும் மின்வழி எப்போதுமே துண்டிக்கப்படுவதில்லை. பயஸ் மின்னழுத்தத்தை நிறுத்தி அவற்றை உறங்கவைக்கிறார்கள், அவ்வளவுதான். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரிக் வரிசை நமக்கெல்லாம் பழக்கமானது. பிட்எக்ஸ்40 பலகையில் ஆற்றல் பெருக்கிக்குத் தனி மின்வழி உண்டு. பலர் அதை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிட்டு, மற்றதை மட்டும் வால்யூம் சுவிட்ச் வழியாக எடுப்பார்கள். அதில் தவறில்லை. அங்கே இருக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் நல்ல நிலையில் இருந்தால், 100 வோல்ட் கொடுத்தாலும் கசிவு 25 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டாது என்று அதன் தரவுத்தாளே உறுதி சொல்கிறது. அடிபட்ட டிரான்சிஸ்டராக இருந்தால் கதை வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எத்தனை மில்லி ஆம்பியர் வரை பொறுக்கலாம்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் தேடத் தொடங்கினால் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவோம்.

வீட்டு மின்கருவிகள் காத்திருப்பு நிலையில் 1 வாட்டுக்கு மேல் தின்னக்கூடாது என்ற இயக்கம் 1999இல் சர்வதேச எரிசக்தி முகமையில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதைச் சட்டமாக நடைமுறைப்படுத்தி, 2013இல் அரை வாட்டாகக் குறைத்தது. சுவரில் செருகும் கருவிக்கு அரை வாட் என்பது ஒன்றுமே இல்லை. அதே அரை வாட்டை ரிக் இயங்கும் 13.8 வோல்ட்டில் கணக்கிடுங்கள். 36 மில்லி ஆம்பியர். யுபிஎஸ்ஸில் போடும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை அது எட்டே நாளில் காலி செய்துவிடும். சட்டத்துக்கு நல்ல பிள்ளை, பேட்டரிக்கு எமன். கருவி செய்பவர்கள் மேசையில் பவர் சப்ளையோடு உட்காரும் வாடிக்கையாளரை நினைத்துச் செய்கிறார்கள். பேட்டரியை மட்டும் நம்பியிருப்பவர் அவர்கள் கணக்கில் சிறுபான்மை.

என் அளவுகோல் வேறு. பேட்டரி தானாகவே எவ்வளவு இழக்கிறது என்று முதலில் பாருங்கள். பராமரிப்புத் தேவையில்லாத அடைப்பு ஈய-அமில பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு 3 சதவீதம் அளவில் தானே இழக்கும். 42 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஏறக்குறைய 2 மில்லி ஆம்பியர் சும்மா ஓடுவதற்குச் சமம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இழப்பு சுமார் இரட்டிப்பாகும். நம் ஊர் மே மாதத்தில் மொட்டைமாடி அறையில் வைத்திருந்தால் 4 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 42 ஆம்பியர்-மணி பேட்டரியில் ரிக் 4, 5 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று யாராவது புலம்பினால், வேறு வேலை பாருங்கள் என்பேன். 20ஐத் தாண்டினால் காரணம் கேட்கலாம். 50ஐத் தாண்டினால் காரணம் கிடைத்தே தீரும்.

இனி அளப்பது. இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவையில் வைத்துக் கம்பியின் நடுவே சேர்ப்பார்கள். சாதாரண மீட்டரின் அந்த அளவையில் கடைசி இலக்கம் 10 மில்லி ஆம்பியர். உண்மையில் 7 ஓடினால் அது 0.00 என்றும் காட்டும், 0.01 என்றும் காட்டும். சரி, மில்லி ஆம்பியர் அளவைக்குப் போவோம் என்றால், ரிக்கை இணைக்கும் கணத்தில் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் நிரம்ப ஒரு பாய்ச்சல் வரும். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். ஃப்யூஸ் போனதே தெரியாமல் பூஜ்யம் காட்டுகிறதே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. தானாக அளவை மாற்றிக்கொள்ளும் மீட்டர்களில் இன்னொரு வம்பு. அளவை மாறும் நொடியில் மின்தடை மாறி, ரிக்கின் மைக்ரோகன்ட்ரோலர் தடுமாறி மறுபடி எழுந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் அளப்பது உறங்கும் ரிக்கை அல்ல.

கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்கவேண்டாம். மின்பணியாளர்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டும்தான் காணும். நேர்திசையையும் அளக்கும் ஹால் உணரி கிளாம்ப்பும் இத்தனை சிறிய அளவில் நிலையாக நிற்பதில்லை, பூமியின் காந்தப்புலத்துக்கே அசையும்.

பிறகு எப்படி அளப்பது? சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1 ஓம், 5 வாட் மின்தடை ஒன்று வாங்குங்கள். பாசிட்டிவ் கம்பியில் ஃப்யூஸுக்குப் பிறகு அதைத் தொடராகச் சேருங்கள். அதன் இரு முனைகளையும் ஒரு தடித்த கம்பியால் இணைத்து வையுங்கள். இப்போது பேட்டரியை இணைத்தால் பாய்ச்சல் அந்தக் கம்பி வழியே போய்விடும். ரிக்கை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, கம்பியை எடுத்துவிட்டு மின்தடையின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்தால் ஒரு மில்லி வோல்ட்டுக்கு ஒரு மில்லி ஆம்பியர். மீட்டர் வழியாக மின்னோட்டம் ஓடவே இல்லை, ஃப்யூஸ் போகவும் இல்லை. பத்து நிமிடம் ஏன் என்றால், நெடுநாள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் முதலில் அதிகம் கசியும், மின்னழுத்தம் கிடைத்ததும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளும். முதல் நிமிடத்தின் எண்ணை நம்பக்கூடாது.

அளவை இரண்டு முறை எடுக்க வேண்டும். பேட்டரியை இணைத்து, ரிக்கை இயக்காமலே ஒன்று. இயக்கி, அணைத்து, அதற்குப் பின் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது கூடுதலாக இருந்தால் ஒட்டிக்கொண்ட ரிலே, விடாத ரெகுலேட்டர், அல்லது உறங்கப் போகாத மைக்ரோகன்ட்ரோலர். இந்த ஒரு சோதனையே தேடலைப் பாதியாக்கிவிடும்.

ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எச்எஃப் ரிக் ஒன்று, விஎச்எஃப் மொபைல் ஒன்று, 42 ஆம்பியர்-மணி பேட்டரி, அதை நிரப்பியபடியே இருக்கும் பவர் சப்ளை, செல்போனுக்கு ஒரு யுஎஸ்பி சார்ஜர், அழகுக்கு ஒரு சிவப்பு எல்இடி வோல்ட்மீட்டர். எல்லாம் அணைந்த நிலையில், மின்வெட்டின்போது 85 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். மின்சாரம் திரும்பாமலே இருந்தால் மூன்று வாரத்தில் பேட்டரி காலி. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிக்கொண்டே எண்ணைப் பார்த்தால் கணக்கு இப்படி வரக்கூடும்: எச்எஃப் ரிக் 6, விஎச்எஃப் 4, வோல்ட்மீட்டர் 15, யுஎஸ்பி சார்ஜர் 12, பவர் சப்ளை 48. நாம் சந்தேகப்பட்டது ரிக்கை. அதன் பங்கு 85இல் 6. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று காட்டுவதற்காக மாட்டிய வோல்ட்மீட்டர் அதைவிட இரண்டரை மடங்கு தின்கிறது.

அந்த 48க்கு வருவோம். மின்சாரம் கொடுக்கத்தானே பவர் சப்ளை, அது எப்படி எடுக்கும் என்று கேட்பீர்கள். நம்மில் பலர் எல்எம்723 ஐசியும் வரிசையாக 2என்3055 டிரான்சிஸ்டர்களும் வைத்துச் செய்த பவர் சப்ளையை இன்னும் வைத்திருக்கிறோம். அதை 13.8 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியோடு நேராக இணைத்துவிடுவோம். ஆறு அறைகள், அறைக்கு 2.3 வோல்ட், ஆக 13.8. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. வீட்டில் மின்சாரம் இருக்கும்வரை ஒன்றுமில்லை. மின்வெட்டு வந்ததும் திசை மாறுகிறது. பேட்டரி இப்போது பவர் சப்ளையின் வெளியீட்டு முனைகளுக்கு மின்னழுத்தம் கொடுக்கிறது. அங்கே குறுக்கே நிற்கும் பிளீடர் மின்தடை, மின்னழுத்தத்தை உணரும் மின்தடைப் பிரிப்பான், முகப்பு விளக்கு, எல்லாம் பேட்டரியிலிருந்து இழுக்கின்றன. அதற்கும் மேலே, 2என்3055இன் எமிட்டர்-பேஸ் சந்தி எதிர்த்திசையில் 7 வோல்ட் வரைதான் தாங்கும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வெறுமையாகிவிட்ட நிலையில் எமிட்டரில் 13 வோல்ட் நின்றால், அந்தச் சந்தியும் வழிவிடும்.

அதிக மின்னழுத்தத்தைத் தடுக்க குறுக்கே எஸ்சிஆர் வைத்த பவர் சப்ளையில் இன்னும் மோசம். அது ஒருமுறை தூண்டப்பட்டுவிட்டால் பேட்டரியின் முழு பலமும் அதற்குள் பாயும். நடுவில் ஃப்யூஸ் இல்லாவிட்டால் புகைதான். இதற்கு மருந்து பவர் சப்ளைக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு ஷாட்கி டையோடு. 20 ஆம்பியரில் அது அரை வோல்ட் அளவுக்கு விழுங்கி 10 வாட் வெப்பம் தரும், ஆகவே வெப்பத்தட்டும் வேண்டும், பவர் சப்ளையை அந்த அளவு உயர்த்தியும் வைக்க வேண்டும். அல்லது பவர் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து இயங்கும் ஒரு ரிலே: வீட்டு மின்சாரம் போனால் தொடர்பும் போகும்.

சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் சார்ஜ் கன்ட்ரோலரையும் அளந்து பாருங்கள். இரவில் அதுவும் தன் பங்குக்கு எடுக்கும். அதைப் பற்றி இன்று அதிகம் சொல்லப்போவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு கணினிக் கேபிள் வழக்கு. டிஜிட்டல் முறைகள் வந்த பிறகு ஏறக்குறைய எல்லா ரிக்கும் ஒரு கணினியோடு கட்டப்பட்டிருக்கிறது. ரிக்கின் 13.8 வோல்ட் கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதில் ஒரு சிறு விளக்கு மங்கலாக எரிவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பேய் இல்லை. கட்டுப்பாட்டுக் கேபிளின் சிக்னல் கம்பி வழியே கணினி கொடுக்கும் மின்னழுத்தம், ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக ஏறி, உள்மின்வழியையே அரைகுறையாக உயிர்ப்பிக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் முழுதாக விழிக்கவும் இல்லை, முழுதாக உறங்கவும் இல்லை. அந்த அரைமயக்கத்தில் அது எதை இயக்கி எதை விட்டுவைக்கும் என்று எந்தச் சர்வீஸ் புத்தகமும் சொல்லாது. பேட்டரியிலிருந்தும் வழக்கத்துக்கு மீறி இழுக்கலாம். கேபிளைக் கழற்றியதும் எண் சட்டென்று விழுந்தால் வழக்கு முடிந்தது.

இதைக் கண்டுபிடிக்க நேர்த்தியான ஒரு வழி உண்டு. பாசிட்டிவ் கம்பியில் அளந்ததைப் போலவே ரிக்கின் நெகட்டிவ் கம்பியிலும் அளந்து பாருங்கள். ரிக்குக்குள் போனது அவ்வளவும் திரும்பி வர வேண்டும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பாசிட்டிவ்வில் 20, நெகட்டிவ்வில் 12 என்றால், மீதி 8 வேறு பாதையில் வீடு திரும்புகிறது: கோஆக்ஸ் கேபிளின் பின்னல், கணினியின் கிரவுண்ட், காராக இருந்தால் ஆன்டெனாவின் அடித்தளம். நெகட்டிவ்வில் அதிகம் என்றால் வெளியிலிருந்து எதுவோ ரிக்குக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. எல்லாக் கேபிள்களையும், ஆன்டெனாவையும் மைக்கையும் சேர்த்துத்தான், கழற்றிவிட்டு அளப்பது இதனால்தான் முதல் வேலை.

இத்தனைக்குப் பிறகும், தன்னந்தனியாக நிற்கும் ரிக் 50, 60 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால் இப்போது ஸ்குரூடிரைவரை எடுக்கலாம்.

50 மில்லி ஆம்பியர் என்பது ஏறக்குறைய 0.7 வாட். ஒரு சிறு உறுப்பில் அத்தனையும் விழுந்தால் அது விரலுக்குத் தெரியும் அளவு சூடாகும். மூடியைத் திறந்து, ரிக்கை அணைத்த நிலையில் ஒரு மணி நேரம் விட்டு, மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெப்பக் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது. மின்நுழைவாயிலில் குறுக்கே நிற்கும் எதிர்துருவப் பாதுகாப்பு டையோடு முதல் சந்தேகம். யாராவது எப்போதாவது சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருந்தால், ஃப்யூஸ் போய் ரிக் பிழைத்திருக்கும், ஆனால் அந்த டையோடு அடிபட்டுக் கசியலாம். பழைய ரிக் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்றவர் சொல்லமாட்டார்.

1980களின் இறுதியிலும் 90களிலும் வந்த ரிக்குகளில், பலகை மேல் ஒட்டும் வகை எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் திரவத்தை ஒழுகவிட்டிருக்கும். அந்தத் திரவம் மின்கடத்தி, செம்பையும் அரிக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றும் இதே வேலையைச் செய்யும். பலகையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். துடைப்பதற்கு முன் எந்த உறுப்பையும் மாற்றாதீர்கள்.

ஆற்றல் டிரான்சிஸ்டர்களில் பெரிய வெப்பத்தட்டு இருப்பதால் அங்கே சூடு தெரியாது. அவற்றுக்குப் போகும் சோக்கின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். எண் விழுந்தால், ஆன்டெனா இல்லாமல் ஒலிபரப்பியோ இடிமின்னலின் பக்கவாட்டு அடியிலோ அந்த டிரான்சிஸ்டர் காயப்பட்டிருக்கலாம். ஒலிபரப்பில் இன்னும் முழு வாட் தருகிறதே என்று வாதாடுவார்கள். தரும். அதனால் மட்டும் அது நலமாக இருக்கிறது என்று ஆகாது, நாள் பார்த்து மாற்றிவிடுவதே நல்லது.

பலகையைக் கையிலெடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. உள்ளே வட்ட லித்தியம் செல் ஒன்று இருந்தால், அது எதைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கழற்றாதீர்கள். பெரும்பாலான ரிக்குகளில் நினைவில் வைத்த அலைவரிசைகள் போகும், கடிகாரம் போகும், திரும்பப் பதிந்துகொள்ளலாம். ஆனால் 1980களில் வந்த ஐகாம் ஐசி-751 போன்றவற்றில் ரிக் இயங்கத் தேவையான தகவலே அந்த செல் காத்த ரேம் பலகையில் இருந்தது. செல் இறந்தால் ரிக்கும் பேச்சற்றுப் போகும்.

கண்டுபிடித்தாயிற்று, அடுத்து என்ன செய்வது? பல நேரங்களில் ஒன்றும் பழுதில்லை, வடிவமைப்பே அப்படித்தான் என்பதே முடிவாக இருக்கும். உயர்துல்லிய அலைவியற்றியைச் சூடாக வைத்திருக்கும் ரிக்குகள் அணைத்த பின்னும் அந்தச் சூட்டைக் காப்பாற்றக்கூடும். அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே, ஃப்யூஸை ஒட்டி, கப்பல்களிலும் லாரிகளிலும் வைக்கும் சாவிச் சுவிட்ச் ஒன்றை மாட்டுங்கள். முன்பு பார்த்த அந்த 85 மில்லி ஆம்பியரும் அதோடு பூஜ்யம். ரிலே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண கார் ரிலேயின் சுருள் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் தின்னும். ரிக் இயங்கும் நேரத்தில் மட்டும் அது இழுத்திருக்கும்படி இணைத்தால் பரவாயில்லை, மாற்றி இணைத்தால் நோயைவிட மருந்து பெரிது. 11.5 வோல்ட்டில் துண்டிக்கும் கருவிகளை விற்கிறார்கள். பேட்டரி சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அது தடுக்கும், உண்மை. ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் நாளில் பேட்டரி ஏற்கெனவே காலியாகத்தான் இருக்கும்.

அந்த நாள் எப்படிப்பட்டது என்று நம் நாட்டு ஹாம்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேரில் இருந்தது. 26ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் அந்தமானின் தொடர்புகளைக் குலைத்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்த ரிக்குகளே செய்தி சுமந்தன. அவர்கள் ரிக்குகள் அப்போது இயங்கிக்கொண்டிருந்தன. நம்முடையவை பெரும்பாலும் அலமாரியில் பேட்டரியோடு கட்டப்பட்டுக் காத்திருப்பவை.

பேசியது போதும். இந்த மேசை மேல் 1 ஓம் மின்தடையும், அதற்குக் குறுக்கே சுவிட்சும், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும் வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் ரிக் கொண்டுவந்திருப்பது தெரிகிறது. கணினிக் கேபிளோடு கொண்டுவந்தவர் யாராவது இருந்தால் முதலில் வாருங்கள், கேபிளோடும் கேபிள் இல்லாமலும் அளந்து பார்த்துவிடுவோம்.